இரண்டாவது கஸ்டமர்

போன திங்கட்கிழமை டிரைவர் லீவு. நானே வண்டியை எடுத்தேன். அவிநாசி ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து ஏழு மூட்டை வெட்டிய துணித் துண்டுகளை ஏற்றி, தைக்கிற யூனிட்டில் இறக்க வேண்டும். ஏற்றும்போது ஒரு மூட்டையின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கட்டலாம் என்று குனிந்தேன். மேலாக ஒரு குழந்தைச் சட்டையின் பாக்கெட் துண்டு. அதில் எம்பிராய்டரி போட்ட வாத்து. குடை பிடித்த வாத்து.

அந்த வாத்தை எனக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு அதே வாத்தை, இதே வண்டியில், வேறு ஒருவருக்காக ஏற்றியிருக்கிறேன்.

பயந்துவிட்டேன். எனக்குப் பயப்படப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். டயரில் காற்று குறைந்தாலே பயம்தான். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது.

அப்போது நான் டெலிவரி கம்பெனி ஆரம்பித்த புதிது. கம்பெனி என்றால் இரண்டு குட்டி யானை மினி லாரி, ஒரு போன், ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. திருப்பூரில் ஒரு பனியன் முழுசாவதற்குள் ஏழெட்டு இடம் சுற்றுகிறது. சுற்ற வண்டி வேண்டும்தானே? வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. மச்சான் வண்டி, பங்காளி வண்டி. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "இப்ப யாருக்குங்க ஓட்டறீங்க?"

யாருக்கும் ஓட்டாதவனை நம்பி யார் லோடு கொடுப்பார்கள்?

கொடுத்தவர் பூங்கொடி அக்கா. அவிநாசியில் பன்னிரண்டு மெஷின் போட்டு, வருஷக்கணக்காக மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தவர். அப்போதுதான் முதல் தடவையாக, வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தருகிற ஒரு பையிங் ஆபீஸ் மூலம் நேராக அவருக்கே ஒரு ஆர்டர் வந்திருந்தது. குழந்தைகளுக்கான நைட் டிரஸ். பாக்கெட்டில் வாத்து.

"வண்டி புதுசுன்னா என்னங் தம்பி... ஓடுமல்ல?" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

சாயப்பட்டறையிலிருந்து துணி கொண்டுவருவது, வெட்டிய துண்டுகளை எம்பிராய்டரிக்குக் கொண்டுபோவது, எல்லாம் நான்தான். "இது நல்லபடியாப் போச்சுன்னா ரிப்பீட் ஆர்டர் வருமுங்க. அப்பறம் நாம எவருக்கும் கூலிக்குத் தைக்க வேண்டாம்" என்பார். நாம என்றார், கவனியுங்கள். என்னையும் சேர்த்து.

எனக்குத்தான் நிம்மதியில்லை. ஒரே ஒரு கஸ்டமர். அவரும் போய்விட்டால்? அந்தப் பயத்தில்தான் இந்தப் பெரிய கம்பெனியின் கேட்டில் போய் நின்றேன். மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். காபி வந்தது! நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஏசி ரூமில் நாற்காலியின் நுனியில்தான் உட்காரத் தெரியும்.

"இப்ப யாருக்கு ஓட்டறீங்க?"

பேரை மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லாமலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஒரே ஒரு பேர் சின்னதாகத் தெரியுமே... பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும். பூங்கொடி அக்கா என்றேன். டைரக்ட் ஆர்டர் என்றேன். எந்த பையிங் ஆபீஸ், எத்தனை பீஸ், எந்தத் தேதிக்கு ஷிப்மென்ட், அடுத்து ரிப்பீட் வரப்போகிறது — ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

மேனேஜர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "பரவால்லீங்களே, பெரிய வேலையெல்லாம் பண்றீங்க" என்றார். காபி நன்றாக இருந்தது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டே வாரத்தில் அந்தக் கம்பெனி எனக்கு லோடு கொடுத்தது. என் திறமை என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அக்காவின் ரிப்பீட் ஆர்டர் கைவிட்டுப் போனது. யாரோ ரேட்டைக் குறைத்துப் போட்டு எடுத்துவிட்டார்களாம். யார் என்று பையிங் ஆபீஸில் சொல்லவில்லை. அக்காவின் மெஷின்கள் மறுபடியும் கூலிக்கு.

"எம்பிராய்டரிக்காரர் வேலைதானுங் தம்பி. அவருக்குத்தான் எல்லாந் தெரியும். போட்டுக் குடுத்துட்டாரு" என்றார் அக்கா. அக்காவுக்கு அவரோடு பத்து வருஷப் பழக்கம். இருந்தும் அவர் வாசலிலேயே போய் நின்று, நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

"ச்சே... இப்படியுமுங்ளா மனுஷங்க!" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

மனதின் மூலையில் சந்தேகம் இல்லாமலில்லை. ஆனால் எம்பிராய்டரிக்காரர் மேல் பழி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. வாத்தைப் பார்த்த பிறகு அந்த வசதியும் போயிற்று.

மூட்டைகளை இறக்கிவிட்டு நேராக அக்காவின் யூனிட்டுக்குப் போனேன்.

"அக்கா, உங்க ஆர்டர் எங்க போச்சுன்னு தெரிஞ்சிருச்சுங்க." கம்பெனியின் பேரைச் சொன்னேன்.

"அவங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"நாந்தானுங்க்கா."

நூல் வெட்டிக்கொண்டிருந்த கத்தரியை அக்கா கீழே வைத்தார். "அப்படி என்னத்தைக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க்கா... காபி."

"காபி" என்றார் அக்கா. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஆர்டர் கிடக்கட்டுமுங் தம்பி. இன்னொண்ணு வரும், வராமயும் போகும். அந்த மனுஷனை நான் என்ன பேச்சுப் பேசினேன் தெரியுங்ளா? பொண்டாட்டி, புள்ளைக முன்னால. அவரு ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. தப்புப் பண்ணினவருன்னாலதான் பேசலைன்னு நான் நெனச்சனே..."

எழுந்தார். "வண்டியை எடுங்க. அவரு ஊட்டுக்குப் போலாம்."

வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இன்னமும் அந்தக் கம்பெனிக்கு ஓட்டறீங்ளா?"

என் இரண்டாவது வண்டி வாரத்தில் நாலு நாள் ஓடுவதே அவர்களால்தான். அந்த லோடை விட எனக்குத் தைரியமில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை.

கஸ்டமர் பிடிக்க எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு ஆளாளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒருவருடைய மூட்டையை ஏற்றும்போது அவருடைய விஷயமும் கூடவே ஏறுகிறது, அதை வழியில் எங்கேயும் இறக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது?

எம்பிராய்டரிக்காரர் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். இறங்கும் முன் அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இங்கயாச்சும்... கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங் தம்பி."

தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு எம்பிராய்டரிக்காரர் முன்னால் போய் நின்றேன்.

அவர் எதுவுமே கேட்கவில்லை.