அய்யாசாமியின் மேரை

மதகுக் கல்லின் மேல் குந்திக்கொண்டு அய்யாசாமி பருத்திப்பட்டு ஏரியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். "இன்னாத்துக்கு இப்டி கரையை நோண்டிகினே கீறே? சும்மா கெடக்க மாட்டே?" என்று அலையை அதட்டிவிட்டு, மதகுக்குள் இறங்கித் தண்ணீரைத் திறந்து விடுவார். அப்புறம் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு வாய்க்காலோடு நடை. முறை தவறி எவனாவது மடையை வெட்டியிருந்தால் தொலைந்தான். அவன் வரப்பிலேயே நின்று, நாலு வயலுக்குக் கேட்கும்படி அவன் வண்டவாளத்தை எடுத்து விடுவார். சேக்காட்டுப் பக்கம் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஊருக்கு அவர் நீர்க்கட்டி. ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் பங்கிட்டு விடுகிறவர். நல்ல மனிதர் என்று அவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சிரிக்க மாட்டார். மீசையை முறுக்குவதற்கென்றே ஏரிக்கரையில் ஓர் இடம் வைத்திருக்கிறார். தண்ணீர் அங்கே அசையாமல் முகம் காட்டும். யாராவது சும்மா ஒரு வெற்றிலையை நீட்டினால், வாங்குவதற்கு முன் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். "இந்தாளுக்கு சாமியே வந்து வரம் குட்த்தாலும், இது யாரு பங்குன்னு கேட்டுட்டுத்தான் வாங்குவாரு" என்று மனைவி கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. அறுவடையின்போது களத்துக்குக் களம் ஒரு மரக்கால் நெல் உண்டு. அதற்குப் பெயர் மேரை. மேரை என்றால் எல்லை. தெலுங்கிலும் அதே பொருள்தான் என்கிறார்கள். உழைத்தவனுக்கு இவ்வளவு உரியது, இதற்குக் குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் போட்ட கோடு. போகப் போகக் கோட்டின் பெயர் நெல்லுக்கே வந்துவிட்டது. அய்யாசாமிக்கு இந்தப் பூர்வோத்தரம் எதுவும் தெரியாது. கேட்டால், "பேர்ல இன்னா கீது? எங்கேர்ந்து எட்த்தான்னு பாரு" என்பார்.

அதுதான் விஷயம். தூற்றிக் குவித்த நெல்லைப் பொலி என்பார்கள். அந்தப் பொலியை மிராசுதாரர் பங்கு, பயிரிட்டவன் பங்கு என்று பிரிப்பதற்கு முன்னால் எடுப்பது மேரை. பிரித்து, மூட்டை கட்டி, அவரவர் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தால் அது வெறும் தருமம். தருமத்தை ஒரு வருஷம் கொடுக்கலாம், மறு வருஷம் கையை விரிக்கலாம். யாரும் கேட்க முடியாது.

இந்தத் தையில் அந்த வினை வந்தது. நெல் விலை படுத்துவிட்டதால் ஊரில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. பெரிய மிராசுதாரர் பரந்தாமனுக்கு, தகப்பனார் போன பிறகு இது முதல் அறுப்பு. கெட்டவர் அல்லர், கை தாராளம். ஆனால் பட்டணத்து மண்டியிலேயே காலம் தள்ளியவர்; களத்து முறை பழகவில்லை. வண்டிகள் காத்திருக்கின்றன என்ற அவசரத்தில் பொலியை அளந்து மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். அய்யாசாமியும் கெங்கம்மாளும் கூடையோடு வந்தபோது களத்தில் மூட்டைகள்தான் நின்றன.

"வாடா அய்யாசாமி" என்றார் பரந்தாமன், ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தபடி. "வழக்கமா எடுக்கறதுக்கு ரெண்டு பங்கா எட்த்துக்கோ. சந்தோசமா போ."

அய்யாசாமி நகரவில்லை. "பொலி எங்க ஆண்டே?"

"அளந்தாச்சு. எதுலேர்ந்து எட்த்தா இன்னா, நெல்லு நெல்லுதானே?"

"அப்ப இது மேரை இல்லே."

"இனாம்னு வெச்சிக்கயேன். அதிகமாத்தானே குட்க்கறேன்?"

மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கோணூசியை இறக்கினார்கள். வாங்கினால் இந்தக் களத்தில் அவருக்கிருந்த உரிமை இன்றோடு சரி. வாங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. குடிசை நிற்கிற மண்ணும் பரந்தாமனுடையது.

"எட்த்துக்கய்யா. ஊட்ல மாவுகூட இல்லே" என்று கெங்கம்மாள் பின்னாலிருந்து முணுமுணுத்தாள்.

அய்யாசாமி அவள் கையிலிருந்த கூடையை வாங்கினார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவர் அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார்.

பரந்தாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாடா, திமிரா?"

"திமிரில்லே ஆண்டே. உங்க நைனா பொலிலேர்ந்து குட்த்தாரு, எங்க நைனா வாங்கினாரு. நீங்க இன்னிக்கு ரெண்டு பங்கு குட்க்கறீங்க. நாளிக்கி உங்க மனசு மாறிச்சின்னா?"

"மாறாதுடா!"

"ஒங்க மனசுல கீற சோத்தை நம்பி நான் எப்டி அடுப்பு மூட்றது ஆண்டே?"

பண்ணையாள் வேம்புலி, அடி விழப்போகிறது என்றே நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். பரந்தாமன் மூட்டையையும் அய்யாசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வேம்புலி, மூட்டைங்களைப் பிரிச்சிக் கொட்டு" என்றார்.

"எதைங்க?"

"எல்லாத்தையும்டா!"

கோபமா, விட்டுக்கொடுத்ததா, யாருக்கும் புரியவில்லை. மூட்டை மூட்டையாக நெல் சரிந்தது. வண்டிக்காரர்கள் வாய்க்குள் முனகினார்கள். களத்தின் நடுவில் பொலி மறுபடியும் எழுந்து நின்றது. பரந்தாமன் அளக்கிறவன் கையிலிருந்த மரக்காலைப் பிடுங்கி அதற்குள் செருகினார். விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்து, "இந்தா, போதுமா? வயிறு குளுந்துச்சா?" என்று நீட்டினார்.

அய்யாசாமி கூடையை நிமிர்த்தி வைத்தார். மரக்காலை இரண்டு கையாலும் வாங்கிப் பொலிக்கு மேலே பிடித்துக்கொண்டார். உள்ளங்கையை விளிம்போடு வைத்து ஒரே இழுப்பாக வழித்தார். மேலே குவிந்திருந்த நெல்லெல்லாம் சரசரவென்று பொலியிலேயே விழுந்தது. மிச்சத்தைக் கூடையில் கொட்டினார்.