வெர்னாவின் பதினோரு பக்கங்கள்

பிள்ளைகளை இறக்கிவிட்டபின், யாராவது தூங்கிப்போயிருக்கிறார்களா என்று கடைசி இருக்கைவரை குனிந்து பார்த்துவிட்டு வருவார் வெர்னா ஸ்டபில்ஃபீல்ட். அதன்பிறகுதான், பள்ளிப் பேருந்தின் முன்கண்ணாடிக்கு மேலே செருகிவைத்த பிளாஸ்டிக் உறையை எடுப்பார். உள்ளே பதினோரு பக்கத் தீர்ப்பு. ஐந்தாம் பக்கத்தை மட்டும் உதடு அசையப் படிப்பார். அதில் அவர் பெயர் ஆறு முறை வருகிறது.

வயது அறுபத்து மூன்று. கலிபோர்னியாவில், பாதாம் தோப்புகளுக்கு நடுவில், சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் டிரெய்லர் குடியிருப்பில் எட்டாம் எண் வீடு. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம், குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுப்பார்.

குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தபோது சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்துப் புகார் சொன்னார். ஒன்பதாம் நாள், குடியிருப்பின் உரிமையாளரிடமிருந்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எழுதிக் கொடுக்காத புகாருக்குப் பாதுகாப்பில்லை என்றது கீழ் நீதிமன்றம். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். வாயால் சொன்னாலும் புகார் புகார்தான். அதற்காக வெளியேற்றுவது பழிவாங்கல்.

ஆனால் முதல் பக்கத்தின் தலையில் ஒரு வரி இருந்தது: 'வெளியிடுவதற்கு அல்ல.' அந்த வரி இருந்தால் தீர்ப்பு அந்த வழக்கோடு முடிந்தது. வேறு எவரும் தம் வழக்கில் அதை எடுத்துக்காட்டக் கூடாது. இங்கே மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் பெரும்பாலானவை அப்படித்தான். புதிய சட்டம் எதுவும் சொல்லாததை ஏன் தீர்ப்புத் தொகுப்பு நூலில் ஏற்ற வேண்டும் என்பது வாதம். பழுப்புத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு எது புதியது, எது பழையது என்று எவரும் கேட்டதில்லை.

பதினான்காம் எண் வீட்டு வாலஸ் க்ரம்லியும் தொலைபேசியில்தான் புகார் சொன்னார். அவருக்கும் நோட்டீஸ் வந்தது. வெர்னா உறையோடு ஓடினார். வாலஸுக்காக வாதாடும் இலவச சட்ட உதவி வக்கீல் நடாலி, முடியாதென்று தலையை ஆட்டிவிட்டாள்.

"உன் பேப்பரை நான் கோர்ட்ல சொன்னா வக்கீலுக்குத் திட்டு விழுமாம்," என்றார் வாலஸ். "அப்படி என்ன கெட்ட வார்த்தை எழுதியிருக்கு அதுல?"

"மூணு பேர் உக்காந்து எனக்கு நியாயம்னு எழுதிட்டு, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லிடாதேன்னு மேல ஒரு வரி," என்றார் வெர்னா. "என்னய்யா இது, ரகசியமா?"

தீர்ப்பை வெளியிடும்படி, அது வந்த இருபது நாளுக்குள் எவரும் கேட்கலாம் என்றாள் நடாலி. அவள் முறைப்படி ஒரு கடிதம் அனுப்பினாள். வெர்னா பேருந்துத் தடப் படிவங்களின் பின்புறம் நான்கு முறை எழுதிப் பார்த்துத் தன் கடிதத்தை அனுப்பினார்: "ஐயா, உங்கள் தீர்ப்பு நன்றாக இருக்கிறது. பதினான்காம் எண்ணுக்கும் அதைக் கொடுங்கள்." கோரிக்கை மறுக்கப்படுகிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோரிக்கை அடுத்துப் போன மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

வாலஸின் விசாரணை நாளில், ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக விடுப்பு எடுத்தார் வெர்னா. நடாலியின் பின்னால், முதல் வரிசையில் இடம் பிடித்தார்.

"அந்த உறையைத் தொறந்துடாதீங்க," என்று கெஞ்சினாள் நடாலி.

"தொறக்கல கண்ணு. நான் சும்மா உக்காந்திருக்கேன். என்னைக் காட்டக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

வாலஸ் க்ரம்லியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அவருக்குப் பின்னால், மூடிய உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, வெர்னாவும் எழுந்து நின்றார்.