எச்சரிக்கை வராத பத்து நாட்கள்

நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் ஆறு வருடப் படங்கள் ஒரே பெட்டிக்குள் இருந்தன. எட்டு ஹார்டு டிஸ்க் கொண்ட பெட்டி. ஒன்று கெட்டால் மற்ற ஏழும் சமாளிக்கும். இரண்டு கெட்டால் எல்லாம் போய்விடும். வேறு நகல் கிடையாது. அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டியை விசாரித்து, கோளாறு என்றால் என் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை அமைக்கச் சொன்னார்கள்.

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் அமைத்தேன். சோதனைச் செய்தி வந்தது. பிறகு பத்து நாள் எதுவும் வரவில்லை. மகளுக்கு இருமல் நின்றால்கூட ஏன் நின்றது என்று எழுந்து பார்க்கிறவள் நான். இந்த அமைதியை மட்டும் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை செய்தி வந்தது: ‘டிஸ்க் 6 கெடும் நிலையில்.’

பெட்டி இருந்த அறைக்கு ஓடினேன். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து, சிறிய விளக்குகளை மூடியிருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினேன். மேனேஜர் பின்னாலேயே வந்துவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, சாமிப் பொட்ட எதுக்கு அழிக்கறீங்க?”

“அதுக்கடில லைட் இருக்குதுங்க சார்.”

“வெச்சது நீங்கதானுங்களே.”

“ஆமாங்க.”

ஆறாவதில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவதில் ஆரஞ்சு. அது முன்பே செத்திருந்தது. நிலை மாறினால்தான் அந்த மென்பொருள் செய்தி அனுப்பும். நான் அமைத்த அன்றே மூன்றாவது செத்துக் கிடந்ததால், அதையே வழக்கமான நிலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

திரையில் பார்த்தால் செத்தது ‘டிஸ்க் 2’ என்றிருந்தது. அப்படியானால் மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது; சாகப்போவது ஏழாவது. கணக்கு சரிதான். இருந்தாலும் முதலில் செத்ததை உருவி மாற்றும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். தவறான ஒன்றை உருவினால் ஆறு வருடமும் போகும். குறிப்பிட்ட டிஸ்க்கை மட்டும் மின்ன வைக்கும் வசதி ஒன்று உண்டு. மேனேஜரைப் பெட்டி அருகே நிறுத்திவிட்டுத் திரையில் ‘டிஸ்க் 2’-க்கு அதை அழுத்தினேன்.

“எது மின்னுதுங்க சார்?”

“மூணாவதுங்க.”

“எடப்பக்கமிருந்துதானே எண்ணறீங்க?”

“எனக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியும் அம்மணி.”

“வெரல எடுத்துராதீங்க.”

அவர் விரல் வைத்திருந்ததை உருவி, அலமாரியில் இருந்த புதிய டிஸ்க்கைச் செருகினேன். மற்றவற்றிலிருந்து அது நிரம்ப ஏழு மணி நேரம் என்றது திரை. அதுவரை ஏழாவது தாங்க வேண்டும். அதற்குக் கூடுதல் வேலை கொடுக்கக் கூடாது என்பதால், ஸ்கேன் எடுப்பதை நிறுத்தச் சொன்னேன்.

“மோகனூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்து ஒக்காந்திருக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?”

“ரிப்பேர்னு சொல்லுங்க சார். அவசரம்னா வேற சென்டருக்கு அனுப்பிருங்க.”

“ஓனர் டாக்டர் கேட்டா?”

“பொட்டு வெச்சது நாந்தான்னு சொல்லுங்க.”

அவர் வெளியே போனார்.

மதியம் முப்பத்தொரு சதவீதம். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்படி கணவரிடம் சொன்னேன். நாற்பத்தெட்டில், ஏழாவதில் படிக்க முடியாத இடங்கள் கூடுவதாக இன்னொரு செய்தி வந்தது. நான் செய்வதற்கு எதுவும் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தால்கூட நின்றுவிடுமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு முன்பே நூறு வந்தது. ஆகப் பழைய படம் ஒன்றைத் திறந்தேன். ஒரு முழங்கால். பிறகு இடைப்பட்ட வருடத்துப் படம் ஒன்று.

“அதான் வந்துருச்சுங்களே, இன்னும் என்ன நோட்டம்?” என்றார் மேனேஜர்.

மூன்றாவது படம் திறக்கத் தாமதித்தது. ஏழாவதின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. படம் வந்தது.

“நாளைக்குக் காலைலயும் ஸ்கேன் வேண்டாங்க சார். சேலத்துல இருந்து இன்னொரு டிஸ்க் வரோணும். ஏழாவதையும் மாத்தோணும்.”

அவர் மறுநாள் ஸ்கேனுக்கு வருகிறவர்களின் பெயர் எழுதிய நோட்டை எடுத்து வந்து, எதிரில் அமர்ந்து, முதல் போன் எண்ணை வாசித்தார். நான் கைபேசியில் அழுத்தத் தொடங்கினேன்.