ஏணி அண்ணனின் மூன்றாவது தேர்வு

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும்போதும் ஏணி அண்ணனின் கண் கூரையில்தான் இருக்கும். மூலையில் ஒரு கேபிள் தாறுமாறாகத் தொங்கினால் போதும், ஊசி குத்தும் வலிகூட மறந்துவிடும். "டாக்டர், அந்த வயரை எவன் இழுத்தான்? இப்படியா மடக்குவாங்க? அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று மரத்துப்போன வாயால் குழறுவார். எழுந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, டாக்டரின் ஸ்டூல் மேலேயே ஏறி, அதை ஒழுங்காகக் கட்டிவிட்டுத்தான் கீழே இறங்குவார்.

ஏழு மாடி மருத்துவமனை ஒன்றில் கணினிகளுக்குக் கேபிள் இழுப்பவர் அவர். இருபத்திரண்டு வருட வேலை. பொய்க்கூரைக்கு மேலே எந்தக் கம்பி எந்தத் தூணைச் சுற்றி வளைகிறது என்பதெல்லாம் அத்துப்படி. நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏணி அண்ணன்'. தோளில் ஏணி இல்லாமல் ஒரு நாள் பார்த்துவிட்டால், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். கேபிளோடு பேசுகிற வழக்கமும் உண்டு. "வாடா செல்லம், இன்னும் ரெண்டடிதான், அடம் பிடிக்காதே" என்று அவர் கூரைக்குள் தலையை விட்டுக் கொஞ்சுவதைக் கேட்டு, கீழே கட்டிலில் இருக்கும் நோயாளி தன்னைத்தான் சொல்கிறார் என்று நகர்ந்து படுத்த கதையும் நடந்திருக்கிறது.

ஆனால் முழங்கால் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிட்டது. மூன்றாவது படியிலேயே கடுக்கிறது. "இன்னும் ஒரு வருஷம் ஏணி ஏறினீங்கன்னா அப்புறம் மாடிப்படியே ஏற முடியாது" என்று எலும்பு மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதே நேரத்தில் தரைத்தளத்து இணைப்பறையில், ரவுட்டர்களைக் கவனிக்கும் நாற்காலி ஒன்று காலியானது. மேலாளர் நல்லவர், ஆனால் விதியை மீற முடியாதவர். "மாசக் கடைசிக்குள்ள நெட்வொர்க் சான்றிதழைக் காட்டுங்கண்ணே, நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுத்துடுவாங்க."

அந்தச் சான்றிதழ் தேர்வில் அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை கவிழ்ந்திருந்தார். இரண்டு முறையும் காலை வாரியது ஒரே பகுதி, ரவுட்டிங்; செய்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொரு ரவுட்டருக்கும் வழி எழுதிவைக்கும் வேலை.

இரண்டாவது முறை நடந்ததைச் சொன்னால் மருத்துவமனையே இன்றும் சிரிக்கும். திரையில் வரைந்து காட்டிய மூன்று ரவுட்டர்கள். இந்த முனைக் கணினியிலிருந்து அந்த முனைக்கு ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி, கதவைத் தட்டுவதுபோல ஐந்து முறை தட்டிப் பார்க்க வேண்டும்; பதில் வர வேண்டும். அண்ணன் வழியெல்லாம் எழுதிவிட்டுத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார், தட்டினார். இல்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? மேசைக்கு அடியில் புகுந்து கேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கண்காணிப்பாளர் பதறி ஓடிவந்து, "சார், அது படம் சார்! அதுல கம்பியே கிடையாது!" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

வீட்டில் அண்ணி இதைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணிக்கு வேலை பார்சல் டிப்போவில். நகரும் பட்டையில் வரும் பெட்டிகளை லேபிள் பார்த்து லாரிவாரியாகப் பிரித்துத் தள்ள வேண்டும். காலை ஷிப்ட் முடிந்து வந்தால், சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கணவரின் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் மடித்த துண்டாலேயே ஓர் அடி விழும்.

"ஏங்க, ரவுட்டர் என்ன பண்ணும்?"

"செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்."

துண்டு விழும். "சேர்க்காது. அடுத்த ரவுட்டர் கையில தள்ளிவிடும். அவ்வளவுதான் அதோட வேலை."

"கடைசி வரைக்கும் தெரியாம எப்படிம்மா தள்ளும்? நானெல்லாம் ரெண்டு முனையையும் கண்ணால பார்த்துட்டுதான் கம்பியைத் தொடுவேன்."

"நான் ஒரு நாளைக்கு மூவாயிரம் பெட்டி தள்றேன். ஒரு வீட்டு வாசலையாவது பார்த்திருக்கேனா? இந்தப் பக்கம்னா நாலாம் லாரி. அதுக்கப்புறம் அடுத்த டிப்போக்காரன் பாடு. எதுலயும் சேராத லேபிளா, பெரிய டிப்போவுக்குத் தள்ளு, அவன் பார்த்துப்பான். இதுக்குத்தான் உங்க புத்தகத்துல டிஃபால்ட் ரூட்டுன்னு வாய் வலிக்கிற மாதிரி பேரு வச்சிருக்கான்."

அண்ணன் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் பதில் ஏன் வரவில்லை என்பது மட்டும் பிடிபடவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "போற வழியெல்லாம் சரியாத்தாம்மா எழுதினேன். அந்தப் படத்துலதான் கோளாறு" என்று மறுபடி ஆரம்பித்தார். அண்ணி துணியை வைத்துவிட்டு எழுந்தார். கைப்பையிலிருந்து ஒரு லேபிளை உரித்து, அதில் 'படுக்கையறை' என்று எழுதி, கணவரின் மார்பில் அறைந்து ஒட்டினார்.

"நீங்கதான் பார்சல். சமையலறையிலேர்ந்து கிளம்புங்க."

ஐம்பதைத் தொடப்போகும் மனிதர் சமையலறைக்குப் போய், அங்கிருந்து கூடத்துக்கு வந்தார். அண்ணி லேபிளைப் பார்த்து, "படுக்கையறையா? இந்தப் பக்கம்" என்று முதுகில் தள்ளிவிட்டு, தானும் பின்னாலேயே வந்து படுக்கையறை வாசலில் நின்றுகொண்டார்.

"சேர்ந்துட்டேன்! இப்ப பதிலை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று அண்ணன் உற்சாகமாகத் திரும்பினார்.

அண்ணி இரண்டு கையையும் நீட்டி மறித்தார். "நில்லுங்க. எங்கே?"

"சமையலறைக்கு."

"அப்படி ஒரு ரூமே என் பட்டியல்ல இல்லையே."

"விளையாடாதேம்மா, இப்பதானே அங்கேர்ந்து வந்தேன்!"

"வந்தீங்க. அதை நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? வந்த வழியை எந்த டிப்போவும் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காது. ரிட்டர்ன் பார்சல்னா அது புதுப் பார்சல். அது போறதுக்கும் வழி எழுதியிருக்கணும். எழுதினீங்களா?"

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கம்பி என்றால் போகவும் வரவும் ஒன்றுதான். ஒரு முறை இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் பேசும். வாழ்நாள் முழுக்க அவர் நம்பியது அதைத்தான். எதிர்ப்பக்கத்து ரவுட்டருக்கு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"அப்போ நான் அனுப்பினது போய்ச் சேர்ந்துதான் இருக்கு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு தடவையும் போய்ச் சேர்ந்திருக்கு. திரும்பி வர வழி தெரியாம அங்கேயே நின்னிருக்கு, பாவம்."

"அழாதீங்க, லேபிள் நனையும்" என்றார் அண்ணி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தேர்வு நாளன்று அண்ணி ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். தேர்வறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே பார்வையாளர் நாற்காலியில் அண்ணி. உள்ளே போனவர் எழுந்திருக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. கடைசிக் கேள்வி வந்தது. முகவரிகள் வேறு, ரவுட்டர்கள் அதே மூன்று. போகும் வழியை எழுதினார். பிறகு எதிர்முனைக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, திரும்பும் வழியை எழுதினார். நடுவில் இருந்த ரவுட்டருக்கும் இரண்டு பக்கமும் எழுதினார். சோதனைக்கான பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு புள்ளி விழுந்தது. பதில் இல்லை என்பதற்கான புள்ளி. அடுத்து ஓர் ஆச்சரியக்குறி. அது பதில். இன்னொன்று. இன்னும் இரண்டு. புது வழியில் வழக்கமாக நடப்பதுபோல முதல் தட்டலில் முகவரி தேடித் தடுமாறிய செய்தி, மற்ற நான்கு முறையும் போய்த் திரும்பி வந்திருந்தது.

முடித்துவிட்டேன் என்று அழுத்தினார். சற்று நேரம் வட்டம் சுற்றியது. பிறகு அவர் பெயரும், அதன் கீழே பச்சை நிறத்தில் பெரிய எழுத்தில் 'தேர்ச்சி' என்ற சொல்லும் வந்து நின்றன. கண்காணிப்பாளர் வரும்வரை இடத்தை விட்டு அசையக் கூடாது. அண்ணன் எழுந்திருக்கவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டு கையாலும் திரையைப் பிடித்து, மெல்ல, கண்ணாடிச் சுவரின் பக்கம் திருப்பி வைத்தார்.