கல்யாணத்துக்குப் போன நூதனசாலை

நூதனசாலை, அதான் மியூசியம், அந்த வேலைங்கிறது, அடுத்தவங்க சாமானத் தொடச்சு வச்சுட்டு, அதோட சொந்தக்காரங்களையே பாத்து "தொடாதீங்க"ன்னு சொல்ற வேல. இதப் படிக்கிற உங்கள்ல யாராச்சும் இந்தத் தொழில்ல இருந்தா, மொதல்ல ஒரு பிளேன்டீ குடிச்சுட்டு வந்து ஒக்காருங்க. நம்ம படுற பாடு நமக்குத்தான் தெரியும்.

படிச்சவர் போனாரு, நான் வந்தேன்

வெள்ளக்காரன் போன கொஞ்ச வருசத்துல மாத்தள டவுன்ல பெரிய மனுசங்க சேந்து ரெண்டு ரூம்புல ஒரு நூதனசாலை தொறந்தாங்க. வாசல்ல "ஆசியக் கலை"ன்னு போர்டு. கொழும்புல இருந்து கண்ணாடி அலுமாரி இரவலா வந்துச்சு, கூடவே சாமான் சேத்துப் பாத்துக்கிற கியூரேட்டர்னு ஒரு படிச்ச ஐயாவும் வந்தாரு. நான் கூட்டித் தொடைக்கிறவ. பள்ளிக்கூடத்துல என் வாய்க்காகவே வாத்தியார் என்னைய வெளிய நிப்பாட்டுவாரு. ஒரு நாள் அப்படியே நடந்து தேயிலக் கொழுந்து எடுக்கப் போயிட்டேன், அதோட படிப்பு முடிஞ்சுச்சு.

அந்த ஐயா கட கடையா ஏறி, வீட்டுல பழைய சாமான் இருக்கான்னு கேட்டாரு. கழுத்துல டை கட்டிக்கிட்டு வந்து அப்படிக் கேட்டா எவன் இருக்குன்னு சொல்லுவான்? வரிக்காரன்னு நெனச்சு டீ குடுத்து அனுப்பிட்டாங்க. அப்பறம் மழ புடிச்சுச்சு, அட்ட கடிச்சுச்சு, ஐயா கொழும்புக்கே போயிட்டாரு. அலுமாரி இப்படியே காலியாக் கெடந்தா அடுத்த தடவ லொறி அனுப்பி ஏத்திக்கிட்டுப் போயிருவாங்களாம். அலுமாரி போனா நூதனசாலை இல்ல, நூதனசாலை இல்லாட்டி பின்னுக்கு நான் படுக்கிற ரூம்பும் இல்ல, திரும்பவும் தோட்டத்து லயத்துக்குத்தான். இவ்வளவையும் சொல்லிட்டுப் போகும்போது ஆறுதலா ஒண்ணு சொன்னாரு: "அலுமாரிய நல்லாத் தொடச்சு வை பாக்கியம், உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் பாக்க வாறவங்க அவங்க மொகத்தயாவது பாத்துட்டுப் போகட்டும்."

அடுப்படி வழியா

ஐயா கட வாசல் வழியாப் போனாருல்ல, நான் அடுப்படி வழியாப் போனேன். வீட்டுல என்ன இருக்குன்னு ஆம்பளைக்கு என்னங்க தெரியும்? உக்குவளையில ஹாஜரா உம்மா வீட்டுல தேங்கா துருவிக் குடுத்துக்கிட்டே கத பேசினேன். துருவி முடியிறதுக்குள்ள உம்மா ஒரு சீனத்துத் தட்ட எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. வெள்ளத் தட்டு, நீல மையில நடுவுல அரபு எழுத்து. அவங்க வாப்பாவோட பாட்டன் கப்பல் யாவாரத்துல கொண்டாந்ததாம். அதுல தண்ணி ஊத்தி ஓதிக் குடிச்சா காச்சல் எறங்கும்னு அந்த வீட்டு நம்பிக்க.

நூதனசாலையில வச்சா ஊரே பாக்கும்னு சொன்னேன். உம்மா யோசிச்சாங்க. கல்யாணம் காச்சின்னா தட்டு வீட்டுக்கு வந்துரணும்னாங்க, சரின்னேன். அடுத்த வாரமே காச்சல் புள்ளையத் தூக்கிக்கிட்டு, கையில செம்போட நூதனசாலைக்கு வந்து நின்னாங்க. இது கண்காட்சி சாமான், இதுல தண்ணியெல்லாம் ஊத்தக் கூடாதுன்னு, ஐயா சொல்ற மாதிரியே மொகத்த வச்சுக்கிட்டு நானும் சொல்லிப் பாத்தேன். உம்மா அலுமாரியத் தொறந்துகிட்டே சொன்னாங்க: "தட்ட நீங்க பாத்துக்கிடுங்க புள்ள, தண்ணிய நாங்க குடிச்சிக்கிறோம்."

வெத்தலப் பொட்டி

அலுவிகாரையில ஒரு பெரிய வளவு, பழைய சிங்களப் பிரபு வீடு. அந்த வீட்டு அம்மா மெனிக்கே பேசினாலே ரோட்டுல போற பஸ்ஸு மெதுவாப் போகும். அவங்ககிட்ட சியாம் தேசத்து வெத்தலப் பொட்டி ஒண்ணு, கருப்பு அரக்குல சிப்பி பதிச்சது. அந்தக் காலத்துல சியாமுக்குப் போயிட்டு வந்த ஒரு புத்த சாமியாரு அவங்க குடும்பத்துக்குக் குடுத்ததாம். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்த எல்லாம் கொட்டி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன்.

மொதல் பௌர்ணமிப் போயா அன்னிக்கு மெனிக்கே பன்சலைக்குப் புத்தரக் கும்பிடப் போற வழியில எறங்கிப் பாத்தாங்க. பொட்டி காலியா இருக்கேன்னு ஒரு சத்தம். மடியில இருந்து வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் எடுத்து நெரப்பிட்டுத்தான் போனாங்க. அதுல இருந்து போயாவுக்குப் போயா புது வெத்தல. ஊர்ல பாதிப் பேரு கலையப் பாக்க வந்தாங்களா வெத்தல போட வந்தாங்களான்னு இன்னி வரைக்கும் எனக்குச் சந்தேகம். இது பார்வைக்கு மட்டும் வைக்கிற சாமான்னு மெனிக்கேகிட்ட ஒரு தடவ சொன்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு சிங்களத்துல சொன்னாங்க: "வீட்டுக்கு வந்தவனுக்கு வெறும் பொட்டிய நீட்டின பரம்பர இல்ல எங்களது."

ஒரே ஒரு வாங்கு

மூணாவது சாமான் ஒரு மலாய் முஸ்லிம் சார்ஜனோடது. பென்சன் வாங்கின பொலிஸ்காரரு. ஜாவாவுல இருந்து அவங்க முன்னோரு கொண்டாந்த கத்தி, பாம்பு ஊர்ற மாதிரி வளஞ்சு வளஞ்சு இருக்கும். ராத்திரியில அது ஒறைக்குள்ள தட்டுதுன்னு வீட்டுக்காரம்மா பயந்ததுல, அவராவே கொண்டாந்து குடுத்தாரு. ஆனா வாரா வாரம் வந்து, சத்தம் கித்தம் போட்டுச்சான்னு விசாரிப்பாரு. இங்க என் சத்தத்துக்கு மேல அது எங்க போடுறது?

நூதனசாலையில ஒக்கார ஒரே ஒரு வாங்குதான், நீளப் பெஞ்சு. ஹாஜரா உம்மா தட்டப் பாக்க வர்ற நாளும் சார்ஜன் கத்தியப் பாக்க வர்ற நாளும் ஒண்ணாப் போச்சு. ஒரு மொனையில அவரு, மறு மொனையில இவங்க. கொஞ்ச நாள்ல உம்மா தட்ட மறந்துட்டு, சார்ஜனோட மகன் என்ன வேல பாக்கிறான்னு என்னைய நோண்ட ஆரம்பிச்சாங்க. எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுன்னேன். உம்மா கத்தியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதத் தெனமும் தொடைக்கிறது நான்னு சொல்ல வாயெடுத்தேன், ஒரு நல்ல காரியத்தக் கெடுப்பானேன்னு மூடிக்கிட்டேன். ஏன்னா உம்மா சொன்னது இதுதான்: "கத்திய இவ்ளோ துப்புரவா வச்சிருக்கிற வீட்டுல புள்ளையும் ஒழுங்காத்தான் வளந்திருக்கும்."

லொறி வந்த அன்னிக்கு

உம்மா மகளுக்கும் சார்ஜன் மகனுக்கும் கல்யாணம் முடிவாச்சு. கல்யாணத்தன்னிக்கு விடியவே உம்மா வீட்டு ஆளு வந்து தட்ட எடுத்துக்கிட்டாங்க. மாப்புள இடுப்புல சொருகக் கத்தியும் போச்சு. மெனிக்கே உம்மாவுக்கு நூதனசாலையிலயே சிநேகம் ஆயிட்டாங்க, அதனால வெத்தலப் பொட்டியும் போச்சு. நானும் நல்ல சீலையக் கட்டிக்கிட்டுப் பூட்டப் போறேன், வாசல்ல கொழும்பு லொறி.

முன்னுக்கு இருந்து எறங்கினவரு வேற ஒரு ஐயா, யாழ்ப்பாணத்துக்காரரு, கொழும்பு ஆபீசுல பெரிய அதிகாரி. உள்ள வந்தாரு. காலி அலுமாரிய ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்தாரு. சாமான் எங்கன்னு கேட்டாரு. கல்யாணத்துக்குப் போயிருக்குன்னேன். அவரு சிரிக்கல. ஆளுங்கள உள்ள வரச்சொல்லிக் கை காட்டிட்டாரு, அவங்களும் கயித்த அவுத்துட்டாங்க. எனக்குக் கண்ணுக்கு முன்னால லயந்தான் தெரிஞ்சுச்சு. ஆனா வாய் மட்டும் எப்பவும் போலதான். ஐயா, அலுமாரி எங்கயும் ஓடிறாது, சாமானப் பாக்காமப் போனா கொழும்புல என்ன எழுதுவீங்க, உக்குவளை பக்கந்தான், லொறியத் திருப்புங்கன்னு சொல்லிட்டு, அவருக்கு முந்தி நான் ஏறி ஒக்காந்துட்டேன்.

கல்யாண வீட்டுல வாசல்லயே மெனிக்கே பொட்டிய நீட்டினாங்க, ஐயா வேற வழியில்லாம ஒரு வெத்தல எடுத்தாரு. இது சியாம் அரக்கு வேலன்னு நான் ஆரம்பிச்சேன். மாப்புள இடுப்பக் காட்டி அது ஜாவான்னேன். நிக்காஹ் முடிஞ்சு, நீல எழுத்து தெரியிற சீனத் தட்டுல தண்ணி ஊத்தி மொதல்ல பொண்ணு குடிச்சா, அப்பறம் மாப்புள. சார்ஜன் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. கண்ணாடிக்கு வெளியால அந்தத் தட்டு இவ்ளோ வெளிச்சமா இருக்கும்னு எனக்கே தெரியாது. ஐயா வெத்தலைய மெல்லக்கூட மறந்து நின்னாரு. இதெல்லாம் யார் யார் வீட்டுச் சாமான்னு கேட்டாரு. கைய நீட்டிச் சொன்னேன், எல்லாரும் அங்கதான் நின்னாங்க.

ரெண்டாம் பந்தியில அவரோட லொறிக்காரங்களும் ஒக்காந்து சாப்பிட்டாங்க. அவுத்த கயித்தத் திரும்பச் சுத்தி வச்சுட்டு வெறும் லொறியத்தான் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. ஏறும்போது ஐயா என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரு: "பிள்ளை, அலுமாரியக் கொண்டு போகத்தான் வந்தனான், இப்ப இன்னும் ரெண்டு அனுப்பி விடுறன், நீர் கியூரேட்டரா இரும், ஆனா அடுத்த கலியாணத்துக்கு எனக்கும் சொல்லிப்போடும்."

தொழில்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: அலுமாரிக்கு நல்ல பூட்டாப் போடுங்க, ஆனா சாவி எங்க தொங்குதுன்னு ஊர்ப் பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.