பூ வண்டி ஓட்டும் இசைவாணி

நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மல்லிகை ஏற்றிப்போகும் வண்டிக்காரர்களில் இசைவாணி ஒருத்திதான் பெண். முப்பத்தெட்டு வயது. நெரிசலான சந்தை வாசலில் சுமை ஆட்டோவை அவள் ஒரே வெட்டில் திருப்பி நிறுத்துவதை மற்ற ஓட்டுநர்கள் நின்று பார்ப்பார்கள்.

ஒரு ஐப்பசி விடியலில் அவளால் சாவியைத் திருக முடியவில்லை. இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி விறைத்துக் கிடந்தன. வெயில் ஏறின பிறகுதான் விரல்கள் மடங்கின. மறுநாளும் அப்படியே. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு ஓட்டினாள். கியர் போட்டுப் போட்டு மூட்டு தேய்ந்துவிட்டது, வண்டியை விற்றுவிடு என்று கணவன் கருப்பணன் சொல்லிக்கொண்டே இருந்தான். அக்கறையில்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்குக் கசந்தது.

திண்டுக்கல்லில் மூட்டு மருத்துவர் பர்ஹானா ரத்தம் சோதித்து, முடக்குவாதம் என்றார். வண்டிதான் காரணமா என்று இசைவாணி கேட்டாள்.

“வண்டி மேல பழி போடாதீங்க. கிருமியோட சண்டை போடுற வெள்ளணுக்கள் இருக்குல்ல, அதுக உங்க மூட்டோட உள்சவ்வையே எதிரின்னு நினைச்சிருச்சு. ஒண்ணு வந்து இன்னொண்ணைக் கூப்பிடுது. சவ்வு தடிச்சு, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குது. வலி மாத்திரை வலியைத்தான் அமத்தும், அரிக்கிறதை நிறுத்தாது.”

அந்த அணுக்களை அடக்கும் மாத்திரையை வாரம் ஒருமுறை போடச் சொன்னார். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார். தை பிறந்தபோது வீக்கம் வடிந்துவிட்டது. குணமாகிவிட்டதென்று இசைவாணி தானாகவே மாத்திரையை நிறுத்தினாள். சித்திரையில் மணிக்கட்டும் சேர்ந்து வீங்கியது. எக்ஸ்ரேயில் வலது நடுவிரல் எலும்பின் ஓரம் அரித்திருந்தது. மருத்துவர் திட்டவில்லை. போனது திரும்பாது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கருப்பணனை உட்காரவைத்துச் சொன்னாள்.

“வண்டியை விக்க மாட்டேன். மாத்திரையையும் இனி விட மாட்டேன். வாரம் தவறாம போடுறேனான்னு நீங்க பாத்துக்கங்க, அம்புட்டுத்தான்.”

அவன் தலையாட்டினான். ஞாயிறுதோறும் மாத்திரையும் தண்ணீரும் அவனே கொண்டுவந்து நீட்டினான்.

இப்போது அந்த நடுவிரல் லேசாக வளைந்தே இருக்கிறது. மற்றபடி விடியலில் வண்டி கிளம்பிவிடுகிறது. சென்ற மாதம் சந்தையில் பூக்கட்டும் பேச்சாயி, காலையில் கை மடங்கவில்லை, வயசானால் அப்படித்தான் என்று சொன்னாள். இசைவாணி அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். திண்டுக்கல்லில் பூவை இறக்கிய கையோடு மருத்துவர் பர்ஹானாவின் மருத்துவமனைக்கு வண்டியை விட்டாள்.