கக்கூஸ் வாசலில் ஒரு நன்றி

எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலத்தில், லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் ஐந்து நாள் கிடந்தேன். எனக்குச் சிறுநீர் அடைத்துவிட்டது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்தவன், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். ஒப்பரேஷன் செய்து, டியூப் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் ஒரு பையையும் கட்டிவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த கட்டில் கக்கூசுக்கு நேர் எதிரே இருந்தது. மனைவி கொண்டுவந்து தந்த முருகன் படத்தை எங்கே வைத்தாலும் அவர் அந்தக் கதவைத்தான் பார்க்க வேண்டும். அதனால் படத்தைத் துவாய்க்குள் சுற்றி, கட்டிலருகே இருந்த அலுமாரியின் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் கக்கூசுக்குப் போனவன் காலும் முகமும் கழுவாமல் சாமி அறைப் பக்கம் தலை காட்ட முடியாது. அந்த ஒழுங்கை லண்டனுக்கு வந்தும் நான் விடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு யூதர். கறுப்பு டாக்ஸி ஓட்டுபவர், என் வயதுதான், தலையில் சின்னத் தொப்பி. சிறுநீரகத்தில் கல் அடைத்துப் படாத பாடுபட்டவர். காலையில் கண் திறந்தால், காலைத் தரையில் வைக்க முன்னரே ஏதோ முணுமுணுப்பார். இரவு நித்திரையில் போன உயிர் திரும்பி வந்ததற்கு நன்றியாம். தேத்தண்ணிக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று. அதெல்லாம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கக்கூசால் வெளியே வந்து, கையைக் கழுவி, கதவைச் சாத்திவிட்டு, அந்த வாசலிலேயே நின்று ஒரு செபம் சொல்வாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் கேட்டே விட்டேன்.

“கடவுளைக் கூப்பிட உங்களுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா?”

என் இங்கிலீஷ் கோபத்தில் இன்னும் மோசமாகும். ஆனாலும் அவருக்கு விளங்கியது. சிரித்தார்.

“உள்ளே நின்று சொல்லக் கூடாது. எங்களுக்கும் அது சரியில்லை. வெளியே வந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.”

“என்னத்துக்கு நன்றி? மூத்திரம் பெய்ததற்கா?”

“அதற்கேதான். கடவுள் மனிதனுக்குள் எத்தனையோ துவாரங்களையும் குழாய்களையும் வைத்திருக்கிறார். அதில் ஒன்று அடைத்தாலும், ஒன்று உடைந்தாலும் அவர் முன்னால் எழுந்து நிற்கவே எங்களால் முடியாது. இதுதான் செபம். நாற்பது வருடமாகச் சொல்கிறேன். கோவிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை நான். இதையும் டாக்ஸிக்கு ஆள் நிற்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். இந்தக் கல் வந்த பிறகுதான் மெதுவாகச் சொல்கிறேன்.”

என் பக்கத்தில் கொழுவியிருந்த பையைப் பார்த்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. எங்களுக்கு அது சரிவராது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை டியூப்பைக் கழற்றினார்கள். பின்னேரம் நாலு மணிக்குள் சிறுநீர் தானாகப் போக வேண்டும். போகாவிட்டால் திரும்பவும் டியூப், அதற்குப் பிறகு இன்னொரு ஒப்பரேஷன். “உங்கள் பலவீனமான இதயம் இன்னொரு தரம் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதுதான் எங்களுக்குக் கவலை” என்று டொக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். நேர்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஜக்கைத் தந்து, போவதை அதில் பிடித்துக்கொண்டு வா, அளக்க வேண்டும் என்றாள்.

தண்ணீர் குடித்தேன். குடித்துக்கொண்டே இருந்தேன். பதினொரு மணிக்கு உள்ளே போய் நின்றேன். பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. ஒரு மணிக்கும் அதே கதைதான். வயிறு கல்லாகிவிட்டது. வெறும் ஜக்கோடு வெளியே வரும்போது வார்டே என் கையைப் பார்ப்பது போல இருந்தது. பயந்துவிட்டேன். ஊரில் ஷெல்லடிக்குப் பதுங்கித் தப்பியவன், ஒரு ஜக்கைக் கண்டு நடுங்குகிறேனே என்று என் மீதே எரிச்சல் வந்தது.

இரண்டு மணி போல டாக்ஸிக்காரர் கக்கூசுக்குப் போனார். வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சத்தம் வராமல், உதடு மட்டும் அசைய அந்தச் செபத்தைச் சொன்னார். பசித்தவன் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுகிற ஆளைப் போல நின்றார்.

என் சுபாவம், நெகிழ்ச்சியும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“எனக்காக ஒளித்துச் சொல்ல வேண்டாம். சத்தமாகச் சொல்லுங்கள். ஒருவருக்காவது போகிறதே!”

அவர் திரும்பி நின்று, முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். எபிரேயத்தில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. ஆனால் என்ன சொல்கிறார் என்று அந்த நேரம் என்னைவிட நன்றாக விளங்கியவன் லண்டனில் இருந்திருக்க மாட்டான். கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னர் மறுபடி உள்ளே போனேன். பைப்பைத் திறக்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான். முதலில் எரிந்தது. பிறகு இரண்டு சொட்டு. பிறகு நூல் மாதிரி. பிறகு, ஐயோ, ஜக்கின் அடியில் சத்தத்தோடு விழத் தொடங்கியது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த ஆறுதல்.

கையைக் கழுவி, ஜக்கோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டது. மனைவி ஒரு கையில் பார்லித் தண்ணீர் பிளாஸ்கோடு கக்கூஸ் வாசலிலேயே நின்றாள். ஐந்து நாளாக எனக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருந்தவள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

“இஞ்சேருங்கோ, என்ன... சலம் போச்சுதே?”

“ஓம், போச்சுது.”

“உண்மையாவோ?”

“ஓமப்பா, இஞ்சை பார்.”

ஜக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் பிளாஸ்கைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, “என்ரை நல்லூர்க் கந்தா!” என்று கத்தினாள். கத்திவிட்டு அந்தக் கக்கூஸ் வாசலிலேயே, அந்த ஜக்குக்கு முன்னாலேயே, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஆமென்” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

அவள் கும்பிட்டு முடியும்வரை நான் ஜக்கை இறக்கவில்லை.